சோதனைப் பதிப்பில் முளைத்த செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கத்தோலிக்கப் பெண் நான். அப்படிப்பட்டவளை ஐந்து வருடம் ஜாதகம் அச்சடிக்க வைத்த ஊர் இது. எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் ஒரு ஜோசியரிடம் வேலை பார்த்தேன். வாசலில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று பலகை தொங்கும். அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுவதுதான் என் வேலை. “உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டபோது, “மத்த இடத்துல எல்லாம் டைப்ரைட்டர்தான் இருக்கு” என்றேன். பொய்யில்லை. அந்த மெஷின் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.

ஜோசியரை ஐயா என்று கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்துவிட்டு முழுநேர ஜோசியத்துக்கு வந்தவர். கையால் ஒரு ஜாதகம் கணிக்க அவருக்கு அரை நாள் ஆகும். அவருடைய நண்பர் ஒருவர், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், அதற்காக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். முதல் வருடம் மெஷின் கொடுத்த ஒவ்வொரு தாளையும் ஐயா பஞ்சாங்கத்தை வைத்துச் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதன்பிறகு சரிபார்ப்பதை விட்டுவிட்டார். தாள் வந்ததும் பலன் சொல்வார், கீழே கையெழுத்துப் போடுவார்.

மெஷின் பழையது. மூடிப்போன ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து வந்தது. பச்சை எழுத்துத் திரை, டிஸ்க் போட இரண்டு வாய், உள்ளே சேமித்துவைக்க வேறு இடம் கிடையாது. கீழே மில் ஓடும்போதெல்லாம் மிளகாய்த் தூள் ஏறிவந்து அதற்குள் போகும்; நானும் தும்முவேன், அதுவும் ஒரு மாதிரி இருமும். ரிப்பேருக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். இந்த மாடலைக் கம்பெனியே கைவிட்டுவிட்டது, இனி இதற்கு எந்தப் புதுப் பதிப்பும் வராது, புதியது வாங்கிக்கொள் என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைச் செத்துப்போனதாக அவர் எப்படிச் சொல்லலாம்?

அதில் ஒரே ஒரு தொல்லைதான். தமிழ் எழுத்துகளைப் படம் வரைவதுபோல் புள்ளி புள்ளியாக அச்சடிக்கும். ஒரு ஜாதகம் முடிய இருபது நிமிடம் ஆகும். அதுவரை கீபோர்டைத் தொட முடியாது, அடுத்து வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

என் அண்ணன் அப்போது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தான். மெஷினை ஓட்டுகிற ஆதாரப் புரோகிராமின் புதுப் பதிப்பு அவன் கைக்கு வந்திருந்தது. இன்னும் கடைக்கு வராத சோதனைப் பதிப்பு. அது ஒரு பக்கம் அச்சடித்துக்கொண்டே இருக்கும், மறுபக்கம் நாம் அடுத்த வேலையைத் தட்டலாம் என்றான். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கெஞ்சிக் கூத்தாடி மூன்று டிஸ்க்கை வாங்கினேன்.

“சும்மா விளையாடிப் பாரு, கடை வேலைக்குப் போடாதே. அதுல என்ன பிழை, என்ன பூச்சி இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. அதோட உன் மெஷின் ரொம்பப் பழசு லா” என்று எங்கள் ஊர் ‘லா’ போட்டுச் சொல்லித்தான் கொடுத்தான். அவன் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது.

ஐயா ஒரு கும்பாபிஷேகத்துக்காகப் பினாங்கு போயிருந்த வாரம் அது. காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக வாத்தியாரின் புரோகிராம் டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. பிறகு அவருடைய டிஸ்க்கை ஒரு வாயிலும் முதல் சோதனை டிஸ்க்கை இன்னொரு வாயிலும் போட்டேன். ‘இந்த மெஷின் எங்கள் பட்டியலில் இல்லை, தொடரலாமா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆம் என்று தட்டினேன். திரை இருண்டது. டிஸ்க் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிள்ளையார் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சிலுவை போட்டுக்கொண்டேன். யார் காதில் விழுந்ததோ, திரையில் எழுத்து வந்துவிட்டது.

அதன்பிறகு அது ஓயாமல் கேள்வி கேட்டது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதன்மேல் புதியதை எழுதலாமா? ஆம். அதை மாற்றலாமா? ஆம். பத்து இருபது முறை கேட்டிருக்கும். நாலைந்துக்கு மேல் நான் படிக்கவே இல்லை. தட்டிக்கொண்டே போனேன்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அண்ணன் மகனுக்கு அப்போது மூன்று வயது. அவன் பிறந்த நாளும் நேரமும் எனக்கு மனப்பாடம். விளையாட்டாக அவனுக்கு முன்பே ஒரு ஜாதகம் அடித்து வைத்திருந்தேன். அதையே மறுபடி அடித்து இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி மாறவில்லை. தாள் அச்சாகும்போதே அடுத்ததைத் தட்டவும் முடிந்தது. கடைக்காரர் செத்துப்போனது என்று சொன்ன மெஷின்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயா திரும்பிவந்து அதன் வேகத்தைப் பார்த்து, “என்னம்மா, மந்திரம் போட்டியா?” என்றார். நான் ரொம்பத்தான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நர்ஸ் வந்தார். முப்பது வயது இருக்கும். பெண்ணுக்கு ஜாதகம் என்றால் அம்மா வருவார், அத்தை வருவார். இவர் தனியாக, காலில் வேலைக்குப் போகும் வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார். கம்பத்துக் கிராம வீட்டிலிருந்து புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டுக்கு மாறும்போது பழைய ஜாதக நோட்டு தொலைந்துவிட்டதாம். “அவரும் நானும் ஒரே ஆஸ்பத்திரி. அவர் லேப்ல இருக்காரு. எல்லாம் பேசியாச்சு, அவங்கம்மா இது ஒண்ணுதான் கேக்குறாங்க” என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தாள் வந்ததும் என்னிடமே கேட்டார்.

“செவ்வாய் இருக்கா, பார்த்துச் சொல்லுங்களேன்.”

அதற்குள் நானும் கட்டம் பார்க்கக் கற்றிருந்தேன். மீன லக்னம், மிதுனத்தில் செவ்வாய். “நாலாம் இடத்துல இருக்கு அக்கா. தோஷம்தான்” என்றேன். பேருந்து எண்ணைப் படித்துச் சொல்வதுபோல் சொன்னேன்.

அவர் முகம் செத்துப்போனது. “தப்பா இருக்குமா?”

“கம்ப்யூட்டர் லா அக்கா. தப்பே வராது.”

இதை எழுதும்போதுகூட எனக்கு என் வாயிலேயே ஒன்று போடவேண்டும்போல் இருக்கிறது. செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணைத் தோஷம் இல்லாத பையனுக்குக் கட்டினால் பையன் உயிருக்கு ஆகாது என்பது இவர்களுடைய நம்பிக்கை. தோஷத்துக்குத் தோஷம்தான் பார்ப்பார்கள். அந்த லேப் பையனுக்குத் தோஷம் இல்லை என்று அந்த அக்காவே சொன்னார். ஐயா உள்ளே வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தவர், அந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேலும் இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மதியம் ஓர் அம்மா வந்தார். மகளுக்குப் போன வருடம் எங்களிடம் எடுத்த ஜாதகத்தின்மேல் தேநீர் கொட்டிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று கறைபட்ட தாளை நீட்டினார். அதே விவரத்தைத் தட்டினேன். புதுத் தாளில் லக்னம் கன்னி என்று வந்தது. பழைய தாளில் துலாம்.

நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன். கன்னி. மூன்றாம் முறை ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்துத் தட்டினேன். கன்னி. அந்த அம்மாவைச் சாயங்காலம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, இழுப்பறையிலிருந்த பழைய நகலைப் போட்டு ஓட்டினேன். துலாம் என்றது. ஒரே மெஷின், ஒரே பெண், ஒரே பிறந்த நேரம். இரண்டு டிஸ்க்குக்கு இரண்டு லக்னம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னபடி இரண்டு டிஸ்க்கிலும் உள்ள கோப்புகளின் பட்டியலை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டுப் படித்துக் காட்டினேன். ஒரே பெயரில் இருந்த ஒரு சின்னக் கோப்பின் அளவு மட்டும் மாறியிருந்தது. பழையதைத் திறந்தேன். உள்ளே சில வரிகள்தான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் இங்கே தோக்கியோ நேரம். அது முடிந்ததிலிருந்து எண்பத்தொன்று கடைசி வரை ஏழரை மணி. அதற்கப்புறம் எட்டு மணி. அதாவது, உலகப் பொதுநேரத்துக்கு எத்தனை மணி முன்னால் என்ற கணக்கு.

பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பத்திரண்டு புத்தாண்டு பிறந்தபோது சிங்கப்பூர் முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தோமே! நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பூசைக்குப் பாதிப் பேர் தாமதமாக வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு முன் பிறந்த ஒவ்வொருவருக்கும் பழைய நேரத்தில்தான் ஜாதகம் கணிக்க வேண்டும். வாத்தியார் அதை அந்தச் சின்னக் கோப்பில் எழுதி வைத்திருந்தார். சோதனைப் பதிப்பும் தன் சொந்தக் காரியத்துக்காக அதே பெயரில் ஒரு கோப்பைக் கொண்டுவந்திருந்தது. மேலே எழுதலாமா என்று கேட்டது. நான் ஆம் என்றேன். தன் வரிகளைக் காணாத வாத்தியாரின் புரோகிராம் வாய் திறக்காமல் எல்லாருக்கும் எட்டு மணிக் கணக்கைப் போட்டுவிட்டது.

நான் சோதித்துப் பார்த்தது யாரை வைத்து? எண்பத்து நாலில் பிறந்த பிள்ளையை. அவனுக்கு எட்டு மணிதானே சரி. கடையில் உட்கார்ந்திருந்த என் பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்திருந்தால் ஒருவேளை அன்றைக்கே தெரிந்திருக்கும். அண்ணன் போனில், “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றான். பட்டென்று வைத்துவிட்டேன்.

லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அரை மணி தவறினால் நாலில் ஒருவருக்கு லக்னமே வேறாகிவிடும். மூன்று மாதம் வந்தவர்களின் விவரமெல்லாம் நோட்டில் இருந்தது. கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராகப் பழைய டிஸ்க்கில் போட்டேன். பதினொரு பேருக்கு மாறியிருந்தது. ஏழாவதாக வந்தது அந்த நர்ஸ். மீனம் இல்லை, மேஷம். மேஷத்திலிருந்து எண்ணினால் மிதுனச் செவ்வாய் மூன்றாம் இடம். தோஷமே கிடையாது.

வெளியே போயிருந்த ஐயா வந்ததும் அந்த அக்காவின் இரண்டு தாளையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்தார். ஜாதகம் கணிக்க ஒன்றரை வருடமாகத் தொடாத பஞ்சாங்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையால் கணித்தார். மேஷம் வந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து கணிப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

“வெளிய தெரிஞ்சா கடை போச்சும்மா” என்றார் கடைசியில். எனக்குச் சுரீரென்றது. “அந்த அக்கா கல்யாணம் போச்சே ஐயா!” என்று கத்தியது நான்தான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

மற்ற பத்துப் பேருக்கும் பலன்தான் மாறியது, கல்யாணம் எதுவும் நின்றுபோகவில்லை. அவரே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, மெஷினில் பிசகிவிட்டது என்று சொல்லிப் புதுத் தாள் கொடுத்தார். நர்ஸிடம் மட்டும் நேரில்தான் போகவேண்டும் என்றார். வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் அவரும் புக்கிட் பாஞ்சாங்குக்குப் பேருந்து ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பையன் வீட்டு முகவரியையும் வாங்கிக்கொண்டு நேரே அங்கேயும் போவது, அந்தத் தாயாரின் காலில் விழுந்தாவது பேசி முடிப்பது என்று ஐயா வழியெல்லாம் திட்டம் போட்டார். சரியான தாள் அவருடைய பையில் இருந்தது.

மின்தூக்கி அந்த மாடியில் நிற்காது. மேலே இறங்கிப் படிவழியாகக் கீழே வந்தோம். தாழ்வாரத்தில் திரும்பினதும் என் கால் நின்றுவிட்டது. அந்த வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே எண்ணெய்ச் சட்டியின் சத்தம், பெண்கள் சிரிக்கும் சத்தம். எங்களைப் பார்த்த நர்ஸ் வெளியே வந்தார். கையில் மருதாணி.

“வாங்க ஐயா, உள்ள வாங்க. வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். அம்மாவே உங்களுக்குப் பத்திரிகை குடுக்கணும்னாங்க.”

“அந்த லேப் தம்பிதானே?” என்று ஆசையாகக் கேட்டுவிட்டேன்.

“இல்ல. இவரு வேற. இவருக்கும் செவ்வாய் இருக்கு. உங்க பேப்பரை வச்சுத்தான் பொருத்தம் பார்த்தாங்க.”

தாழ்வாரச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது, அதனால் நானே சொன்னேன். புது டிஸ்க் போட்டது, பழைய நேரம் அழிந்தது, அரை மணி, மீனம், மேஷம், எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா கையைக் கூப்பிக்கொண்டு, “மன்னிச்சிடும்மா, பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்” என்று தாளை நீட்டினார்.

அவர் அதை மருதாணி படாமல் விரல் நுனியால் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப எனக்குச் செவ்வாய் இல்ல.”

“இல்லம்மா. சுத்த ஜாதகம். நான் இப்பவே அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்.”

“வேணாம் ஐயா. அவங்கம்மா என்னை வேணாம்னு சொன்னப்போ அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இல்ல.” உள்ளே யாரும் கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். “இவருக்கு ஆறு இடம் பார்த்து ஆறும் தட்டிப்போச்சாம். முதல் நாள் பார்த்தப்போ, நீங்களும் நம்ம கட்சியான்னு கேட்டுச் சிரிச்சாரு. அன்னிக்குத்தான் நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன்.”

ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. எனக்கு இது ஒரு நம்பிக்கை. அவருக்கு இது சத்தியம். “அம்மா, சுத்த ஜாதகத்துக்குச் செவ்வாய் ஜாதகம் சேர்க்கவே கூடாது. உன் உயிருக்கே ஆபத்து. தெரிஞ்சும் சொல்லாம விட்டா எனக்குப் பாவம்.”

“சொல்லிட்டீங்கல்ல. என்கிட்ட சொல்லிட்டீங்க, போதும். இதை அம்மா பார்த்தா இந்தக் கல்யாணத்தையும் நிறுத்திடுவாங்க. ஏழாவது இடமும் தட்டிப்போச்சுன்னு அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?”

உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “தோ வர்றேன்” என்றவர், தாளை மடித்து ஐயாவின் கையிலேயே திரும்ப வைத்தார்.

“எனக்குச் செவ்வாய் இருந்துட்டுப் போகட்டும் லா.”

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டுச் செத்துப்போன அதே முகம். நான் மன்னிப்புக் கேட்க வந்தவள்.

“மாப்பிள்ளை வீட்டுல இன்னொரு காப்பி கேட்டாங்க” என்றார் என்னிடம். “பழைய மாதிரியே ஒண்ணு அடிச்சுக் குடுப்பீங்களா?”

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் சரியான தாளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

“நாளைக்கு வந்து வாங்கிக்கோம்மா” என்றார். “கையெழுத்து போட்டு வைக்கிறேன்.”